சாதுவனும் சென்டினல் தீவும்

அன்புள்ள ஐயா,

அந்தமானில் உள்ள சென்டினல் தீவு மக்களைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அறுபதாயிரம் ஆண்டுகளாக வெளியுலகமே தெரியாமல் கற்காலத்தில் வாழ்கிறார்கள், ஆளைக் கண்டால் கொன்று தின்றுவிடுவார்கள் என்கிறது. நம் புகார் நகரத்துச் சாதுவன் நாகர்களிடம் பேசியே அவர்களைத் திருத்தியதாக மணிமேகலையில் வருகிறதே, இன்று அதற்கு ஒருவரும் இல்லையா? மருந்தும் பள்ளிக்கூடமும் தராமல் ஒதுக்கிவைத்திருப்பது மிருகக்காட்சிசாலைக்குச் சமம் அல்லவா? சுனாமியை முன்கூட்டியே உணர்ந்து தப்பினார்களாம். நாகப்பட்டினத்தில் உறவினரைப் பறிகொடுத்தவன் என்பதால் இதையும் கேட்கிறேன்.

க., சீர்காழி

அன்புள்ள க.,

சாதுவன் கதையை நீங்கள் கொஞ்சம் வேகமாகப் படித்துவிட்டீர்கள். கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவனை நாகர்கள் தின்ன வருகிறார்கள். அவன் பிழைத்தது அவர்களுடைய மொழி அவனுக்குத் தெரிந்திருந்ததால். அறவுரையெல்லாம் அதற்குப் பிறகுதான். சென்டினல் மக்களின் மொழி வெளியே ஒருவருக்கும் தெரியாது. அந்தமானிலேயே வாழும் ஓங்கே மக்களை உடன் அழைத்துப் போனபோது அவர்களுக்கும் புரியவில்லை. 2018இல் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் பைபிளோடு போய் இறங்கினார், கொல்லப்பட்டார். தின்னவில்லை, கடற்கரையில் புதைத்ததைப் படகில் இருந்த மீனவர்கள் பார்த்திருக்கிறார்கள். 2006இல் கொல்லப்பட்ட இரண்டு மீனவர்களின் உடல்களும் மணலில் புதைக்கப்பட்டிருந்தன. தேடிப் போன ஹெலிகாப்டரின் காற்றில் மணல் விலகியபோதுதான் தெரிந்தது. நரமாமிசத்துக்குச் சான்று எதுவும் இல்லை. நம் காப்பியக் கற்பனையை அவர்கள் தலையில் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை.

வெளியுலகம் தெரியாதவர்கள் என்பதுதான் இவற்றில் பெரிய பிழை. நன்றாகவே தெரியும். 1880இல் போர்ட்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஆட்களோடு இறங்கி, ஒரு கிழவரையும் கிழவியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். எல்லோரும் நோயில் விழுந்தார்கள். முதியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். என்ன கிருமியோடு அவர்கள் திரும்பினார்கள், அதற்குப் பின் தீவில் எத்தனை பேர் மாண்டார்கள் என்று எழுதிவைக்க அங்கே குமாஸ்தா யாரும் இல்லை. நாம் மறந்துவிட்டோம். அவர்கள் மறந்திருப்பார்கள் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எப்போதும் அம்புதான் விட்டார்கள் என்பதும் சரியில்லை. 1991 ஜனவரியில் மதுமாலா சட்டோபாத்யாய் என்ற மானுடவியலாளர் இருந்த குழுவிடம், தண்ணீருக்குள் இறங்கி வந்து தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். பின்னாளில் அந்தப் பயணங்களை நிறுத்தியது அரசுதான். கற்காலமும் அப்படியே. 1981இல் பவளத்திட்டில் தரைதட்டிய பிரிம்ரோஸ் கப்பலின் இரும்பை எடுத்துப் பயன்படுத்தியவர்களை எந்தக் காலத்தில் சேர்ப்பது? பிரேசிலின் ஆக்ரே மாநிலக் காட்டில் இப்படி ஒதுங்கி வாழும் மக்களை விமானத்திலிருந்து படம் எடுத்தார்கள். குடிசைகளைச் சுற்றி, நம் திருவையாற்றுக் கொல்லைகளைப் போல, வாழை. வாழை அமெரிக்கக் கண்டத்துப் பயிரே அல்ல. ஐரோப்பியக் கப்பல்களோடு போனது. எப்படியோ கைமாறி அந்தக் காட்டுக்குள்ளும் போயிருக்கிறது.

மருந்து கொடுக்கலாமே என்கிறீர்கள். மருந்துக்கு முன்னால் போய்ச் சேர்வது நோய். 1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு தொடங்கியபோது அங்கே வாழ்ந்த பழங்குடிகளான கிரேட் அந்தமானியர் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். 1877இல் தட்டம்மை வந்தது. இன்று சுமார் 50 பேர். அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவாக்கள் 1990களின் இறுதியில் தாமாகக் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இலேயே அவர்களிடமும் தட்டம்மை பரவியது. மிருகக்காட்சிசாலையைப் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் பார்க்க வேண்டும். அவர்கள் காட்டை ஊடறுத்து நெடுஞ்சாலை போட்டோம். சுற்றுலா வண்டிகளிலிருந்து பிஸ்கட் வீசினார்கள். உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச்சொல்லும் காணொளி 2012இல் வெளிவந்து உலகமே காறி உமிழ்ந்தது. ஒதுக்கிவைத்த தீவில் இப்படி எதுவும் நடக்கவில்லை.

சுனாமிக்கு வருகிறேன். இதில் கவனமாகவே பேச வேண்டும். தெய்வீக உணர்வு, பறவைகளின் மொழி என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்தமானில் தரை கடுமையாக ஆடியது. கடல் உள்வாங்குவதைக் கண்டதும் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது ஓங்கே மக்களுக்குத் தலைமுறையாக வந்த அறிவு. ஓடுவதற்கு மேடும் காடும் இருந்தன. அருகிலேயே கார் நிக்கோபாரில் தட்டையான கரையோரம் வாழ்ந்த நிக்கோபாரிகள் பெரும் எண்ணிக்கையில் இறந்தார்கள். அவர்களும் தீவுப் பழங்குடிகள்தான். அவர்களை ஏன் எந்த உணர்வும் காப்பாற்றவில்லை என்று இந்தக் காணொளிக்காரர்கள் கேட்பதில்லை.

நாகப்பட்டினத்தில் நில அதிர்ச்சி பெரிதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் கூட்டம். மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். உங்கள் உறவினர்களிடம் இல்லாத ஞானம் எதுவும் அந்தமான் காட்டில் இருக்கவில்லை. நிலம் அதிர்ந்தது காலை ஆறரை மணிக்கு. அலை நாகைக் கரையைத் தொட்டது ஏறத்தாழ ஒன்பது மணிக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. தொலைபேசியும் வானொலியும் தொலைக்காட்சியும் இருந்தன. கரையில் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை வந்து சேரவில்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்.