எந்த போஸ்? கேள்வி பதில்

கே: ஜெகதீஷ் சந்திர போஸ், சத்யேந்திர நாத் போஸ், நேதாஜி மூவரும் ஒரே குடும்பமா சார்?

ப: இல்லை. போஸ், கோஷ், மித்ரா எல்லாம் வங்காளத்தில் காயஸ்தர் என்ற சாதியாரிடம் பரவலாக உள்ள குடும்பப் பெயர்கள். சத்யேந்திர நாத், பிரசிடென்சி கல்லூரியில் ஜெகதீஷின் மாணவர், உறவல்ல. வெறும் 'போஸ்' என்று எழுதாதீர்கள், முதலெழுத்து போடுங்கள். 'எஸ்.சி. போஸ்' என்றால் அதுவும் போதாது. நேதாஜியின் அண்ணன் சரத் சந்திரரும் எஸ்.சி.தான்.

கே: ஜோதி பாசு?

ப: அதே பெயர். வங்காள மொழியில் போஸ், பாசு இரண்டையும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். நூலகத்தில் தேடினால் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

கே: இயற்பியலில் ஒரு வகைத் துகளை போசான் என்கிறார்களே, அது எந்த போஸ்?

ப: சத்யேந்திர நாத். 1924-ல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரை அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிட வைத்தார். இரண்டு துகள், இரண்டு அறை என்று வையுங்கள். பழைய கணக்கில் 4 விதமாக வைக்கலாம். துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாது என்றால் 3 விதம்தான். அந்தக் கணக்கில்தான், சூடான பொருள் வெளிவிடும் ஒளியைச் சொல்லும் பிளாங்க் விதி சரியாக வந்தது.

கே: ரேடியோ நம் ஜெகதீஷுடையது. மார்க்கோனி திருடிவிட்டார்!

ப: பாதி சரி. 1895-ல் கல்கத்தாவில் ஜெகதீஷ் மின்காந்த அலையைச் சுவர் தாண்டி அனுப்பி, மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். ஆனால் அவர் ஆய்வு மில்லிமீட்டர் அலைகளில். அவை தொடுவானம் தாண்டி வளையாது. மார்க்கோனிக்கு வேண்டியது தொலைதூரச் செய்தி. அதற்கு நீண்ட அலை.

கே: அலையை உணரும் கருவி யாருடையது? அதைச் சொல்லாமல் நழுவுகிறீர்களே.

ப: நியாயமான கேள்வி. இரும்பும் பாதரசமும் கொண்ட உணர்வியை ஜெகதீஷ் 1899-லேயே ராயல் சொசைட்டிக் கட்டுரையில் விவரித்திருந்தார். 1901-ல் அட்லாண்டிக்கைத் தாண்டிய சைகையைப் பிடிக்க மார்க்கோனி வைத்திருந்ததும் அந்த வகைதான். அந்தப் பெருமை ஜெகதீஷுக்குச் சேர வேண்டும். கலீனா என்ற ஈயத்தாது கொண்ட உணர்விக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். இவற்றை உரக்கச் சொல்லுங்கள். 'திருட்டு' என்று சொன்னால் இவையும் எடுபடாமல் போகும்.

கே: மூவரும் உறவா?

ப: முதல் பதில்.

கே: போஸ் ஸ்பீக்கர்?

ப: அமர் போஸ். அமெரிக்காவில் 1964-ல் அந்த நிறுவனத்தைத் தொடங்கினார். முதலெழுத்து!

கே: எங்கள் மதுரைப் பக்கம் நிறைய போஸ் இருக்கிறார்களே?

ப: நேதாஜி மேலுள்ள பற்றில் வைத்த இயற்பெயர். குடும்பப் பெயர் அல்ல.

கே: ஆர்.சி. போஸ்?

ப: இவரை யாரும் கேட்பதே இல்லை! ராஜ் சந்திர போஸ், புள்ளியியலாளர். 1959-ல் ஸ்ரீகண்டே, பார்க்கருடன் சேர்ந்து கணித மேதை ஆய்லரின் ஊகம் ஒன்றைத் தவறென நிறுவினார். கடையில் ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்தில், அதை எப்படிப் படிப்பது என்று சொல்லும் 15 பிட் தகவல் இருக்கிறது. அதில் 3 பிட் கெட்டாலும் மீட்டுத் தருவது பி.சி.எச். குறியீடு. அந்த 'பி' இவர்தான்.