கணக்கு வராது, சமூகவியல் எடுக்கலாமா?

கோத்தகிரி மாணவி: மேடம், பத்தாவதில் கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் பாஸ். ப்ளஸ் டூவில் கணக்கில்லாத குரூப். பி.ஏ. சமூகவியல் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம்மா. ஆனால் கணக்குக்குப் பயந்து மட்டும் சேராதே. புள்ளியியல் தனித் தாளாகவோ ஆய்வுமுறைத் தாளுக்குள்ளேயோ எப்படியும் வந்துவிடும்: சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், ஒட்டுறவு, கை-வர்க்கச் சோதனை. நுண்கணிதமும் முக்கோணவியலும் கிடையாது. கால்குலேட்டர் தட்டத் தெரிந்தால் சமாளிக்கலாம்.

ஒன்று பார். ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பத்து வீடு. ஒன்பது வீட்டுக்கு அரை அரை ஏக்கர் தேயிலை, ஒரு வீட்டுக்கு 40 ஏக்கர். சராசரி 4.45 ஏக்கர். ஊரே வசதியான ஊர் என்று அவசரக்காரன் எழுதிவிடுவான். இடைநிலை அளவோ, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதோ, அரை ஏக்கர்தான். பச்சைத் தேயிலை விலை இறங்கும்போது எத்தனை வீடு தள்ளாடும் என்று அதுதான் காட்டும்.

குன்னூர் மாணவர்: எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளே கணக்குப் போட்டுவிடுமே?

போடும். எதைப் போடுவது என்று நீதானே சொல்ல வேண்டும்? சாதிகளுக்கு 1, 2, 3 என்று குறியெண் கொடுத்து, அதற்குச் சராசரியும் எடுத்த ப்ராஜெக்ட் ஒன்று என் மேஜைக்கு வந்தது. அந்த எண்கள் வெறும் அடையாளம், அதற்குச் சராசரியே கிடையாது. மென்பொருள் முகம் சுளிக்காமல் 2.3 என்று தந்திருந்தது.

கூடலூர் மாணவர்: குரூப் 4-க்கு இந்தப் பட்டம் உதவுமா?

அதற்குப் பத்தாவது போதும். 200 கேள்வியில் 25 திறனறிவு. அங்கே கணக்கிலிருந்து தப்ப முடியாது. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் சமூகவியல் விருப்பப்பாடத்துக்கு 500 மதிப்பெண். அதற்கு முன் முதல்நிலைத் தேர்வின் திறனறிவுத் தாளான சிசாட்டில் 33 சதவீதம் எடுத்தாக வேண்டும்.

குந்தா மாணவர்: சின்னக் குடும்பமாகிவிட்டதால் நீலகிரியில் மக்கள்தொகை குறைந்தது என்கிறார்கள். இதற்குக் கணக்கு எதற்கு மேடம்?

இதற்குத்தான் வேண்டும். 2001-ல் 7,62,141 பேர், 2011-ல் 7,35,394. குறைந்தது 26,747, அதாவது மூன்றரை சதவீதம். குழந்தை குறைந்தால் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். அதனால் மட்டும் மொத்தமே குறைய வேண்டுமென்றால் இறப்பு பிறப்பை மிஞ்ச வேண்டும். இங்கே அப்படி நடக்கவில்லை. ஆக, ஆட்கள் மலையிறங்கியிருக்கிறார்கள். அதுவும் 26,747-ஐவிடக் கூடுதலாக. பிறந்து சேர்ந்தவர்களையும் ஈடுகட்டிவிட்டல்லவா குறைந்திருக்கிறது?

குந்தா மாணவர்: அப்படியானால் தேயிலை விலைதான் காரணம்.

இருக்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனியா, கோவையில் பிள்ளைகள் படிப்பா, அதையும் கேட்க வேண்டாமா? கழித்தல் கணக்கு ஆள் போனதைச் சொல்லும். ஏன் போனார்கள் என்று போனவர்தான் சொல்ல வேண்டும்.

கூடலூர் மாணவர்: எங்கள் பக்கம் யாரும் போகவில்லை மேடம். இலங்கையிலிருந்து வந்தவர்கள்கூட இங்கேதான் இருக்கிறார்கள்.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது, சரி. அவர்கள் பேரப்பிள்ளைகளும் கொழுந்துதான் பறிக்கிறார்களா? உன் தெருவை வைத்து மாவட்டத்தைப் பேசாதே தம்பி. மாவட்டத்தை வைத்து உன் தெருவையும் பேசாதே. தாலுகா வாரியான கணக்கு சென்சஸிலேயே இருக்கிறது, எடுத்துப் பார்.

அருவங்காடு மாணவி: எனக்கும் கணக்கு வராது. சமூகவியல்...

முதல் பதிலைப் படிம்மா.

ஊட்டி மாணவர்: கணக்குக்குப் பயந்து உளவியல் எடுக்கலாமா?

அங்கே புள்ளியியல் இன்னும் அதிகம்.

எல்லநள்ளி மாணவர்: கணக்கில் வீக் மேடம்...

முதல் பதில்!

குந்தா மாணவர்: எங்கள் ஊரிலேயே விசாரிக்கப் போகிறேன். எத்தனை வீட்டில் கேட்கட்டும்?

நல்ல பிள்ளை. முதலில் மொத்தம் எத்தனை வீடு என்று எழுதி அனுப்பு. பூட்டிக் கிடப்பதையும் சேர்த்து எண்ணு. யார் போனார்கள், எப்போது போனார்கள் என்று பக்கத்து வீட்டில் கேள்.