எத்தனை, எவ்வளவு: ஆங்கில அளவுச் சொற்கள் பற்றிய கேள்வி பதில்

அலுவலகக் கடிதங்களையும் மொழிபெயர்ப்புகளையும் திருத்தும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், ஆங்கிலத்தின் அளவுச் சொற்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில், தெளிவாக எழுதப்பட்ட ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். எண்ண முடிந்தவற்றுக்கு ‘மெனி’, எண்ண முடியாதவற்றுக்கு ‘மச்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். “பணத்தை எண்ணலாமே டீச்சர், பிறகு ஏன் ‘ஹவ் மச் மணி’ என்கிறோம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை.

பதில்: அந்த மாணவியின் கேள்வி சரியானது, கரும்பலகையில் இருந்த விதியில்தான் குறை இருக்கிறது. எண்ண முடியுமா என்று பொருளைப் பார்த்துக் கேட்கக் கூடாது, சொல்லைப் பார்த்துக் கேட்க வேண்டும். மேசைமேல் பத்து ரூபாய் நாணயங்கள் ஏழு கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ‘காயின்’ என்று சொன்னால் ‘செவன் காயின்ஸ்’ என்று எண்ணலாம், ‘ருபீ’ என்று சொன்னால் ‘செவன்ட்டி ருபீஸ்’ என்று எண்ணலாம், ஆனால் ‘மணி’ என்று சொன்னவுடன் எண் ஒட்டாமல் போய் அளவு மட்டும் நிற்கிறது. நாணயங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாறியது அவற்றுக்கு நாம் வைத்த பெயர்தான். நாற்காலியும் மேசையும் தனித்தனியே எண்ணத்தக்கவையாக இருக்க, இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ‘ஃபர்னிச்சர்’ எண்ணத்தகாததாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

மாணவிக்குத் தமிழிலிருந்தே விளக்கலாம். ‘எத்தனை நாணயம்’ என்றும் ‘எவ்வளவு பணம்’ என்றும் கேட்கிறோம். ‘எத்தனை பணம்’ என்றால் இன்றைய காது ஏற்பதில்லை. பணம் என்பதே ஒரு நாணயத்தின் பெயராக இருந்த காலத்தில் ‘பத்துப் பணம்’ என்று எண்ணியவர்கள்தான் நம் முன்னோர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண்ணத்தக்க தன்மை சொல்லின் பழக்கம், அந்தப் பழக்கம் மாறவும் கூடும் என்று குழந்தைக்கு அப்போதே புரிந்துவிடும்.

கேள்வி: ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்று நான் எழுதும் ஒவ்வொரு முறையும் மேலாளர் சிவப்பு மையால் வட்டமிடுகிறார். இப்படி நம்மவர்கள் வழக்கமாகத் தடுமாறும் சொற்கள் எவை?

பதில்: தமிழில் தகவலுக்குத் தகவல்கள் உண்டு, அறிவுரைக்கு அறிவுரைகள் உண்டு, ஆதாரத்துக்கு ஆதாரங்கள் உண்டு. அந்தக் ‘கள்’ விகுதியைக் கையோடு ஆங்கிலத்துக்கும் கொண்டுபோவதால் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’, ‘எவிடென்சஸ்’ ஆகிய மூன்றும் பிறக்கின்றன. எத்தனை–எவ்வளவு என்ற பாகுபாடு இரு மொழிக்கும் பொது என்றாலும், எந்தச் சொல் எந்தப் பக்கம் நிற்கும் என்பது பொது அன்று.

அலுவலகத்தில் நான் மிகுதியாகத் திருத்தியவை ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘ஃபீட்பேக்ஸ்’, ‘சாஃப்ட்வேர்ஸ்’ என்பவை. இவை எல்லாம் ‘ஸ்’ இல்லாமலே நிற்க வேண்டியவை. எண்ணியே தீர வேண்டும் என்றால் முன்னால் ‘எ பீஸ் ஆஃப்’ சேர்த்து ‘டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’ என்று எழுதலாம். அதைவிட எண்ணத்தக்க வேறு சொல்லுக்கு மாறிவிடுவது பெரும்பாலும் அழகாக அமையும். ரயில் நிலையத்தில் ‘த்ரீ லக்கேஜஸ்’ என்பதைவிட ‘த்ரீ பேக்ஸ்’ எளிது. ‘டூ சாஃப்ட்வேர்ஸ்’ என்பதைவிட ‘டூ புரோகிராம்ஸ்’ எளிது. ‘ஐ ஹேவ் டூ ஒர்க்ஸ்’ என்பதும் இப்படித்தான்: அங்கே ‘டாஸ்க்ஸ்’ என்று போடுங்கள். ‘பொதுப்பணித்துறையின் ஆங்கிலப் பெயரில் ‘ஒர்க்ஸ்’ இருக்கிறதே’ என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். அது கட்டுமானப் பணிகளைக் குறிக்கும் தனிப் பொருள். உங்கள் மேசையில் குவிந்திருக்கும் வேலைக்கு அது பொருந்தாது.

‘டூ ஸ்டாஃப்ஸ் ஆர் ஆன் லீவ்’ என்ற தொடரை எத்தனை முறை அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ‘ஸ்டாஃப்’ என்பது ஊழியர் குழு முழுவதற்குமான பெயர். இருவரைச் சொல்ல ‘டூ மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப்’ என்று வரும்.

இவற்றைத் தர்க்கத்தால் ஊகிக்க முயலாதீர்கள், அகராதியைப் பாருங்கள். கற்போருக்கான ஆங்கில அகராதிகளில் எண்ணத்தக்க பெயருக்கு ‘சி’ என்ற எழுத்தும் எண்ணத்தகாத பெயருக்கு ‘யூ’ என்ற எழுத்தும் போட்டிருப்பார்கள். அவ்வகை அகராதிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவரான ஏ. எஸ். ஹார்ன்பி, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோதுதான் தம் அகராதியைத் தொகுத்தார். அது 1942இல் அங்கேயே முதலில் வெளிவந்தது. ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. நம் மொழியிலும் ‘பத்து மாடு’ என்றால் போதும், ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்று இரண்டுக்கும் இடம்கொடுக்கும் சொல்லைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணம் ஒதுக்கி வைத்திருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் ஆங்கிலத்தில் வரும் இடர் ஒன்றுபோல இருப்பதில் வியப்பில்லை.

கேள்வி: செவிலியராகப் பணிபுரிகிறேன். பணி மாறும்போது எழுதிவைக்கும் குறிப்பில், சில நோயாளிகளுக்குக் காய்ச்சல் இருக்கிறது என்ற பொருளில் ‘ஃபியூ பேஷன்ட்ஸ் ஹேவ் ஃபீவர்’ என்று எழுதினேன். அடுத்து வந்த மருத்துவர், காய்ச்சல் அநேகமாக யாருக்கும் இல்லை என்று புரிந்துகொண்டார். யார் மேல் தவறு?

பதில்: ஆங்கிலத்தின்படி மருத்துவர் சரியாகவே படித்திருக்கிறார். நீங்கள் விட்டது ‘எ’ என்ற ஓர் எழுத்து. ‘எ ஃபியூ பேஷன்ட்ஸ்’ என்றால் சில நோயாளிகள். ‘ஃபியூ பேஷன்ட்ஸ்’ என்றால் சில நோயாளிகளே, அதாவது எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

தமிழில் இந்த வேலையை ஏகாரம் செய்கிறது. ‘சிலர் வந்தார்கள்’ என்பதில் வந்தவர்கள்மேல் பார்வை விழுகிறது; ‘சிலரே வந்தார்கள்’ என்பதில் வராதவர்கள்மேல் விழுகிறது. எண்ணிக்கை இரண்டிலும் ஐந்தாகவே இருக்கலாம். எண்ணத்தகாத பெயர்களுக்கு ‘லிட்டில்’ இதே வழியில் வரும்: ‘எ லிட்டில் வாட்டர்’ என்றால் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, ‘லிட்டில் வாட்டர்’ என்றால் கொஞ்சம்தான் இருக்கிறது. எழுதுமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஏகாரமோ ‘தான்’ என்பதோ தமிழில் வந்தால் ஆங்கிலத்தில் ‘எ’ வராது. தமிழில் அவை வராவிட்டால் ஆங்கிலத்தில் ‘எ’ வந்தாக வேண்டும்.

நோயாளி பற்றிய குறிப்பில் மட்டும் எனக்கு வேறொரு கருத்து உண்டு: அங்கே ‘ஃபியூ’வும் வேண்டாம், ‘எ ஃபியூ’வும் வேண்டாம், படுக்கை எண்களோடு எத்தனை பேர் என்று இலக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ‘குவைட் எ ஃபியூ’ என்றால் மிகச் சிலர் என்று பொருளா?

பதில்: இல்லை, கணிசமான பேர் என்று பொருள். ‘ஒன்லி எ ஃபியூ’ என்பதுதான் மிகச் சிலர். இதற்குக் காரணம் தேடாமல் அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘லெஸ்’ எங்கே, ‘ஃபியூவர்’ எங்கே? ‘லெஸ் பீப்பிள்’ என்று வெள்ளைக்காரர்களே பேசுகிறார்களே?

பதில்: எண்ணத்தக்க பன்மைக்கு ‘ஃபியூவர்’, எண்ணத்தகாததற்கு ‘லெஸ்’ என்பது இன்று எழுத்தில் எதிர்பார்க்கப்படும் முறை: ‘ஃபியூவர் கார்ஸ்’, ‘லெஸ் டிராஃபிக்’. ஆனால் இந்த விதியின் வயது பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஆல்ஃபிரட் மன்னர் ஒன்பதாம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்து செய்த மொழிபெயர்ப்பிலேயே எண்ணத்தக்கவற்றுக்கு ‘லெஸ்’ வந்திருக்கிறது. ராபர்ட் பேக்கர் என்பவர் 1770இல், எண்ணிக்கை வரும் இடத்தில் ‘ஃபியூவர்’ இருந்தால் நயமாகவும் பொருத்தமாகவும் இருக்கும் என்று தமக்குத் தோன்றியதாக எழுதினார். ஒருவருடைய விருப்பம் பின்னால் வந்தவர்கள் கையில் சட்டமாகிவிட்டது. பிரிட்டனில் டெஸ்கோ கடைகளில், குறைந்த பொருள் வாங்குபவர்களுக்கான வரிசைமேல் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று எழுதியிருந்ததைப் பிழை என்று சிலர் விடாமல் சொல்லிவந்தார்கள். 2008இல் அந்த நிறுவனம் ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்றிக்கொண்டு, இரண்டு சொல்லிலிருந்தும் தப்பித்தது.

நம் பேச்சிலும் இதுவே நடக்கிறது. ‘எத்தனை பேர் வந்தார்கள்’ என்று எழுதுகிறவரே, வீட்டில் ‘எவ்ளோ பேரு வந்தாங்க’ என்று கேட்கிறார். எவ்வளவு என்பது எத்தனையின் இடத்தைப் பிடிப்பதுபோல அங்கே ‘லெஸ்’ பிடிக்கிறது. வெள்ளைக்காரர் பேசுவதைக் குறை சொல்ல வேண்டாம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் நீங்கள் விதியின்படி எழுதுங்கள்.

காலம், தொலைவு, தொகை ஆகியவற்றுக்கு மட்டும் எண் வந்தாலும் ‘லெஸ்’ என்பதே இயல்பு: ‘லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்’, ‘லெஸ் தேன் ஃபிஃப்டி ருபீஸ்’. ஐந்து கிலோமீட்டரை ஐந்து தனித்தனிப் பொருளாக நாம் பார்ப்பதில்லை, ஒரே நீளமாகப் பார்க்கிறோம்.

கேள்வி: ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வில் வரைபடத்தை விவரிக்கும்போது ‘தி அமவுன்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. மாணவர்கள் எண்ணத்தக்கவர்கள் ஆதலால் ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்றே வர வேண்டும். ‘அமவுன்ட்’ என்பது தண்ணீர், மின்சாரம், பணம் போன்றவற்றுக்கு உரியது. அந்தப் பகுதியில் குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும், அதில் இந்தத் தொடர் நான்கைந்து முறை வந்துவிடும் என்பதால் ஒரே பிழை நான்கைந்தாகப் பெருகிக் காட்டும்.

வினைமுற்றிலும் கவனம் தேவை. ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ரைசிங்’ என்பதில் உயர்வது எண்ணிக்கை, எனவே ஒருமை. ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் வெயிட்டிங்’ என்பதில் காத்திருப்பவர்கள் மாணவர்கள் பலர், எனவே பன்மை. ‘மாணவர்களின் எண்ணிக்கை உயர்கிறது’, ‘மாணவர்கள் பலர் காத்திருக்கிறார்கள்’ என்று தமிழிலும் வினை அப்படித்தான் மாறுகிறது.

கேள்வி: ‘ஐ ஹேவ் மச் மணி’ என்று சொன்னேன், நண்பர் சிரித்தார். ‘மணி’க்கு ‘மச்’ தானே?

பதில்: சிரித்தது இலக்கணப் பிழைக்காக இருக்காது. ‘மச்’ பெரும்பாலும் கேள்வியிலும் எதிர்மறையிலும் வாழும் சொல்: ‘ஹவ் மச்’, ‘நாட் மச்’. அளவுக்கு மீறியதைச் சொல்லும் ‘டூ’, ‘ஸோ’ ஆகியவற்றுக்குப் பின்னும் தடையின்றி வரும். சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் ‘எ லாட் ஆஃப் மணி’ என்பதே இயல்பு. நம் ‘நிறைய’ என்ற சொல்லைப்போல ‘எ லாட் ஆஃப்’ இரண்டு வகைப் பெயர்களுக்கும் வரும் என்பதால், ஐயம் வந்தால் அதைப் போட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போகலாம்.

கேள்வி: ‘ஃபைவ் லேக் ருபீஸ்’ சரியா, ‘ஃபைவ் லேக்ஸ் ருபீஸ்’ சரியா? காசோலை எழுதும்போதெல்லாம் குழப்பம்.

பதில்: முதலாவது சரி. ‘ஹண்ட்ரட்’, ‘தவுசண்ட்’, ‘லேக்’, ‘டஜன்’ ஆகியவற்றுக்கு முன் எண் வந்து, பின்னால் எண்ணப்படும் பெயரும் வந்தால் ‘ஸ்’ சேராது: ‘டூ டஜன் எக்ஸ்’. எண் இல்லாமல் பொதுவாகச் சொல்லும்போது சேரும்: ‘லேக்ஸ் ஆஃப் பீப்பிள்’. ஐந்து லட்சங்கள் ரூபாய் என்று நாம் எழுதுவதில்லை, லட்சக்கணக்கான மக்கள் என்று எழுதுகிறோம் என்பதை நினைவில் கொண்டால் குழப்பம் வராது.

கேள்வி: ‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்’ என்பதில் என்ன பிழை? ‘எவ்ரி ஸ்டூடன்ட்ஸ்’ என்பதிலும் கோடு போடுகிறார்கள்.

பதில்: ‘ஒன் ஆஃப்’ என்றால் பலருள் ஒருவர். பலர் இருந்தால்தான் ஒருவரை எடுக்க முடியும் என்பதால் ‘ஃபிரண்ட்ஸ்’ என்று பன்மை வேண்டும். ‘என் நண்பர்களுள் ஒருவர்’ என்று எழுதுகிறவர் இதில் தவறுவதில்லை, ‘என் ஃபிரண்டு ஒருத்தன்’ என்ற பேச்சைப் பெயர்க்கிறவர்தான் தவறுகிறார். ‘எவ்ரி’ என்பது ‘ஒவ்வொரு’. ‘ஒவ்வொரு மாணவர்கள்’ என்பது தமிழிலும் பிழையே.

கேள்வி: ‘காஃபி’ எண்ணத்தகாதது என்று படித்தேன். ஆனால் விமானத்தில் ‘டூ காஃபீஸ்’ என்று கேட்கிறார்களே?

பதில்: அங்கே எண்ணப்படுபவை கோப்பைகள். நம் ஊர்க் கடையில் ‘ரெண்டு காபி’ என்று சொல்வதும் அதுதான். பாலில் கலந்த திரவத்தை எவரும் எண்ணவில்லை. ஆங்கிலப் பெயர்களுள் பல இப்படி இரண்டு பக்கமும் நிற்கும், பக்கம் மாறும்போது பொருளும் மாறும். ‘ஐ ஏட் சிக்கன்’ என்றால் கோழிக்கறி சாப்பிட்டேன், ‘ஐ ஏட் எ சிக்கன்’ என்றால் ஒரு கோழியையே முழுதாகத் தின்றேன். ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் பணி அனுபவம், ‘எக்ஸ்பீரியன்சஸ்’ என்றால் வாழ்வில் நேர்ந்த நிகழ்வுகள். வேலைக்கான விண்ணப்பத்தில் முதலாவதை எழுதுங்கள்.

எண்ணத்தகாத பக்கத்திலிருந்த சொல்லை ஆங்கிலேயரே இழுத்து வந்து எண்ணத் தொடங்கியதும் உண்டு. பட்டாணிக்கு அவர்களிடம் ‘பீஸ்’ என்றொரு பழைய சொல் இருந்தது. நாம் துவரையையும் அரிசியையும் சொல்வதுபோல் மொத்தமாகச் சொல்லிவந்த பெயர் அது. அதன் இறுதியில் கேட்ட ஒலியைப் பன்மை விகுதி என்று எண்ணிக்கொண்டு, பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் அதை வெட்டி ‘பீ’ என்ற ஒருமையை உண்டாக்கிக்கொண்டார்கள். அன்று தொடங்கி அங்கே பட்டாணியை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். அரிசிக்கு இன்னும் அந்த வாய்ப்பு வரவில்லை.