கேளுங்கள்… கார் பக்கம்

கேள்வி: ஹைபிரிட் காரில் விருந்தாளிகளைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப்போவேன். அரிச்சல்முனையில் ஏ.சி.யோடு காத்திருந்தால் இன்ஜின் தானாக ஓடி ஓடி நிற்கிறது. மைலேஜும் குறைகிறது. ஏ.சி.யை அணைத்துவிடலாமா?
— வாசகர், மண்டபம்

பதில்: அந்த மணல்வெளியில் நிழல் ஏது? அணைக்காதீர்கள். பெரும்பாலான முழு ஹைபிரிட்களில் (பேட்டரி மின்சாரத்தில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடியவை) ஏ.சி. கம்ப்ரசர் இன்ஜின் பெல்ட்டில் சுற்றுவதில்லை. பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஓடுகிறது. சார்ஜ் இறங்கினால் ஏற்றுவதற்காக இன்ஜின் எழும். கோளாறு இல்லை. ஆனால் நின்ற இடத்தில் ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் பெட்ரோல் எரிகிறதே, மைலேஜ் அங்கேதான் போகிறது.

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் நாலு கண்ணாடியையும் இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டி அனலை வெளியேற்றுங்கள். அப்புறம் கண்ணாடியை ஏற்றி, 'ஆட்டோ'வில் 25 டிகிரி, உள்காற்றுச் சுழற்சி. 18-இல் வைத்தால் கம்ப்ரசர் ஓய்வின்றி உழைக்கும்.

இன்னொன்று. சில மாடல்களில் பின்சீட் அருகே ஒரு காற்றுத்துளை இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. பாம்பனில் வாங்கிய கருவாட்டுப் பையை நான் ஒருமுறை அதன்மேல் சாத்திவிட்டேன். உச்சிப்புளி தாண்டுவதற்குள் பின்னால் விசிறி 'ஊ'வென்று கத்தியது. பையை எடுத்துப் பார்த்தால் துளையை மூடிய வலையெல்லாம் கடல் மணல். உங்கள் காரிலும் அந்த வலையை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.