கண்ணாடித் தொட்டியில் ஆப்பிரிக்க ஆமை: பல்பு எத்தனை வாட் போடுவது?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னையும் மல்லிகை நாற்றுப் பண்ணையும் இருக்கின்றன. கூடவே பத்துப் பதினைந்து ஆடுகள். சென்னையில் வேலை பார்க்கும் மகன் போன வருடம் ஓர் ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சை வாங்கி வந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான். இப்போது உள்ளங்கை அளவு இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் மணல் போட்டு, வெயில் விழும் ஜன்னலோரம் வைத்திருக்கிறோம். ராத்திரி சிவப்பு பல்பு போடுகிறோம். முட்டைக்கோஸ், தக்காளி, வெள்ளரி, சில நாள் சோறு, ஆட்டுக்கு வைக்கும் அடர்தீவனத்தில் கொஞ்சம் கொடுக்கிறோம். இரண்டு மாதமாக ஓடு மேடுமேடாக எழும்புகிறது. ஓரத்தை அமுக்கினால் லேசாக உள்ளே போகிறது. எத்தனை வாட் பல்பு போட வேண்டும்? யூவி விளக்கு வாங்கியே ஆக வேண்டுமா? என்ன தீனி கொடுக்கலாம்? மழைக்காலத்தை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

பதில்: பல்பைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஆமையைக் கையில் எடுத்து, ஓட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் பாருங்கள். நடுவிலிருந்து மஞ்சள் கோடுகள் கதிர் மாதிரி பிரிந்து ஓடினால் அது நட்சத்திர ஆமை. நம் நாட்டுக் காட்டு விலங்கு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். யார் வாங்கிக் கொடுத்தது என்ற பேச்செல்லாம் எடுபடாது. அப்படியிருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். கோடு ஏதும் இல்லாமல் மணல் நிறத்தில், கட்டங்களின் ஓரம் மட்டும் பழுப்பாக, பின் தொடையில் முள் மாதிரிக் குமிழ்கள் இருந்தால் அது சல்காட்டா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சல்காட்டாதான் என்று நினைக்கிறேன். இந்த வெளிநாட்டு இனத்தையும் பதிவு செய்யாமல் வளர்க்கக் கூடாது. 2024-இல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். மகனிடம் வாங்கிய ரசீதைக் கேட்டு வாங்கி, ராமநாதபுரத்தில் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இனி வளர்ப்புக்கு வருவோம். சல்காட்டா சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பைச் சேர்ந்தது. அதனால் நம் கடற்கரை வெயில் அதற்குப் புதிதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர் நாட்டில் இருப்பவர்கள் விளக்குக்கும் ஹீட்டருக்கும் காசைக் கொட்டுகிறார்கள் என்றால் அவர்களுக்கு வேறு வழியில்லை. உச்சிப்புளியில் உட்கார்ந்துகொண்டு வருடம் முழுக்க யூவி விளக்கு போட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஆனால் அந்த வெயில் ஆமையின் மேல் நேராகப் பட வேண்டும். உங்கள் வீட்டில் அதுதான் நடக்கவில்லை.

ஜன்னல் கண்ணாடியும் தொட்டிக் கண்ணாடியும் வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். புற ஊதா-பி (யூவி-பி) கதிரை விடாது. அந்தக் கதிர் பட்டால்தான் ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இல்லாவிட்டால் தின்ற தீனியில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து குடலிலிருந்து உடம்பில் சேராது. உடம்பு என்ன செய்யும்? எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். ஓட்டின் ஓரம் அமுங்குவதற்கு இதுவே முதல் காரணம். பிறந்து சில மாதமே ஆன குஞ்சுக்கு அடி ஓடு கொஞ்சம் நெகிழ்வாக இருப்பது இயல்பு. ஒரு வயதை நெருங்கும் ஆமைக்கு அப்படி இருக்கக் கூடாது. தவிர, வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி சித்திரை மாதத்தில் அரை மணி நேரத்துக்குள் ஆமையை வேகவைத்துவிடும். இன்றைக்கே அதை வெளியில் எடுத்துவிடுங்கள்.

முற்றத்திலோ தென்னை மரங்களுக்கு நடுவிலோ ஆறடிக்கு நாலடி இடம் ஒதுக்குங்கள். ஹாலோ பிளாக் கல்லைத் தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு அடுக்கி, அடிக்கல் ஓர் அடி மண்ணுக்குள் இருக்கும்படி புதையுங்கள். இது தோண்டுகிற ஜாதி. கம்பி வலையில் சுவர் வைத்தால் வெளியே தெரிவதைப் பார்த்துக்கொண்டு நாளெல்லாம் முட்டிக்கொண்டே இருக்கும். மேலே மட்டும் வலை போடுங்கள். காக்கை, கீரி, பெருச்சாளி, நாய் நான்குமே இந்த அளவு ஆமைக்கு எமன். இடத்தில் பாதி வெயில், பாதி நிழல். நிழலுக்குப் பனையோலையைச் சாய்த்து ஒரு சின்னக் குடில் கட்டினால் போதும். நாற்றுப் பண்ணையின் நிழல்வலைக்குக் கீழேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த வலை கதிரைப் பாதிக்குப் பாதி குறைத்துவிடும். அது மட்டுமில்லை, மல்லிகையில் மொட்டுப்புழுவுக்கு அடிக்கிற மருந்து கீழே இருக்கும் அருகம்புல்லிலும் படிந்திருக்கும். மருந்து தெளிக்கும் பாத்தி ஓரத்துப் புல்லை அறுத்துப் போடவும் கூடாது.

இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்று ஆறரை மணி வெயிலில் விட்டுவிட்டு ஏழரைக்கு எடுத்து வைக்கிறவர்கள் உண்டு. அந்த நேரத்து வெயிலில் புற ஊதா-பி மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகும்போதுதான் அது நன்றாக இறங்குகிறது. நம் பக்கம் ஒன்பது, ஒன்பதரை மணிக்கு மேல். அதனால் காலை எட்டரையிலிருந்து பதினொன்று வரையிலும், பிறகு மூன்றரையிலிருந்து ஐந்து வரையிலும் வெளியே இருக்கட்டும். வெயிலும் நிழலும் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நேரம் காய்வது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். வெயிலால் வரும் டி3 அளவுக்கு மிஞ்சிப் போகாது. டானிக்காக ஊற்றும் டி3 மிஞ்சும். பங்குனி, சித்திரையில் நடுப்பகல் மணலில் நாமே கால் வைக்க முடியாது. அப்போது மட்டும் வீட்டுக்குள்ளோ ஆழ்ந்த நிழலிலோ வையுங்கள். காயும் இடம் 35 முதல் 38 டிகிரி, நிழல் 28 முதல் 32 டிகிரி என்பது கணக்கு. ஒரு வெப்பமானி வாங்கித் தரையோடு வைத்துப் பாருங்கள், கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது சரிப்பட்டு வராது.

ஓடு மேடுமேடாக எழும்புவது வேறு கதை. அடர்தீவனத்தில் புரதம் கூடிப்போனதால் என்று பலரும் சொல்வார்கள். ஆஸ்திரியாவில் இதே இனக் குஞ்சுகளை வைத்துச் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் பெரிய காரணம் என்று தெரிந்தது. வறண்ட இடத்தில் வளர்ந்த குஞ்சுகளுக்கு மேடு அதிகம். பாலைவனத்து ஆமைக்கு எதற்கு ஈரம் என்று கேட்பீர்கள். அங்கே அது பகலில் பெரும்பொழுதை வளைக்குள் கழிக்கிறது. வளைக்குள் மண் ஈரமாக இருக்கும். உங்கள் வீட்டில் காய்ந்த மணல், தலைக்கு மேல் ராத்திரி முழுக்க சிவப்பு பல்பு. பல்பின் நேர் சூடு ஓட்டைத்தான் முதலில் உலர்த்தும். கடற்காற்றில் ஈரம் இருந்தாலும் பல்புக்குக் கீழே அது எடுபடாது. எழும்பிய மேடு இனி இறங்காது, அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இனி வளரும் ஓடு சமமாக வரும்.

மணலை முழுக்க அள்ளிக் கொட்டிவிடுங்கள். தீனியோடு மணலும் வயிற்றுக்குள் போய்க் குடலை அடைக்கும். செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் சரிக்குச் சரி கலந்து நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே போட வேண்டும். பிடித்தால் உருண்டு, விட்டால் உதிரும் பதத்தில் ஈரம் இருக்கட்டும். தினமும் காலையில் அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இருபது, முப்பது நிமிடம் உட்கார வையுங்கள். மேலோடும் அடி ஓடும் சேருகிற இடம் வரை தண்ணீர் இருந்தால் போதும். போர் தண்ணீர் உங்கள் பக்கம் உப்புக் கரிக்கும், ஆகவே குடிக்கிற காவிரித் தண்ணீரையே எடுங்கள். தண்ணீரில் வெள்ளையாக ஒன்று கழியும். தயிர் மாதிரிக் குழைவாக இருந்தால் நல்லது. மணல் மணலாக நெருடினால் உடம்பில் தண்ணீர் போதவில்லை.

இப்போது உங்கள் பல்பு கேள்வி. ஐப்பசியில் மழை பிடித்தால் நாட்கணக்கில் வெயிலே இருக்காது, தை வரை ராத்திரிக் குளிர் இருக்கும். இந்த அளவுக் குஞ்சுக்கு ராத்திரி 26 டிகிரிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அதற்கு ஒரு பிளைவுட் பெட்டி, மூன்றடிக்கு இரண்டடி, மூடியுடன். உள்ளே 60 வாட் செராமிக் ஹீட்டர் ஒன்று, கூடவே சூட்டைப் பார்த்து அதைத் தானே போட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட். இந்த ஹீட்டர் வெளிச்சம் தராது, சூடு மட்டும் தரும். ஆமைக்கு ராத்திரி இருட்டாக இருக்க வேண்டும். சிவப்பு வெளிச்சமும் வெளிச்சம்தான். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை ஆமையின் முதுகு மட்டத்தில் கட்டி 27-இல் வைத்துவிடுங்கள். கோழிக்குஞ்சு புரூடருக்குப் போடும் 250 வாட் பல்பு உங்களிடம் இருக்கலாம். அதை இதற்குப் போட்டுவிடாதீர்கள், இந்தப் பெட்டிக்கு அது நெருப்பு.

யூவி விளக்கு வாங்குவதென்றால் மழை நாட்களுக்கு மட்டும்தான். சுருள் பல்பு வேண்டாம், நீளக் குழல் வாங்குங்கள். டி5 என்ற மெல்லிய குழல் வகை, புற ஊதா-பி 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டிருக்கும். ஆமையின் முதுகிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில், நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் மாட்டிப் பகலில் பத்து மணி நேரம் எரிய விடலாம். குழல் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் புற ஊதா-பி தேய்ந்துவிடும். தொடர்ந்து உபயோகித்தால் வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். உங்கள் ஊரில் உப்புக்காற்று ஹோல்டரையும் ஒயர் முனையையும் சீக்கிரம் அரித்துவிடும். பீங்கான் ஹோல்டர் போடுங்கள், ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை கழற்றித் துருவைப் பாருங்கள். புயல் மழையில் கரண்ட் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்தால் ராத்திரியைத் தள்ளிவிடலாம். சூட்டோடு ஈரம் இருப்பது நல்லது, குளிரோடு ஈரம் இருந்தால் சளி பிடித்து நுரையீரல் வரை போகும். மூக்கில் நுரைக்குமிழ் வந்தாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ தாமதிக்கக் கூடாது.

தீனியில் பத்தில் எட்டுப் பங்கு புல். ஆடு வளர்ப்பவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆட்டுக்கு அறுக்கும் அருகும் கொழுக்கட்டைப் புல்லும் இதற்கும் ஆகும். குஞ்சுக்கு வாய் சின்னது, கத்தரியால் விரற்கடை அளவுக்கு நறுக்கிப் போடுங்கள். கோ-4 தீவனப்புல்லில் ஆக்சலேட் கூடுதல், அதையே தினமும் போடக் கூடாது. செம்பருத்தி இலையும் பூவும் மிகவும் பிடிக்கும். மூக்கிரட்டை, முசுக்கொட்டை இலை தாராளமாகத் தரலாம். முருங்கை, அகத்தி வாரத்தில் இரண்டு நாள் ஒரு பிடி. வேலி ஓரத்துச் சப்பாத்திக் கள்ளியை முள்ளும் சுணையும் போகத் தீயில் வாட்டி நறுக்கிக் கொடுத்துப் பாருங்கள். தண்ணீரும் நாரும் சுண்ணாம்புச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கும், செலவும் கிடையாது.

சோறு, ரொட்டி, அடர்தீவனம், தக்காளி, பழங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். முட்டைக்கோஸ் எப்போதாவது ஓர் இலை பரவாயில்லை. பசலை, பருப்புக்கீரை அடிக்கடி வேண்டாம், சுண்ணாம்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சவுண்டல் இலை ஆட்டுக்கே அளவோடுதான், ஆமைக்குப் போடவே வேண்டாம். உங்கள் மணல்பாங்கில் தானாக முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி நஞ்சு. ஆடு அதை ஒதுக்கிவிடும், இது ஒதுக்கும் என்று நம்ப முடியாது. அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி எதுவும் அடைப்புக்குள் இருக்கக் கூடாது. தீனியை மண்ணில் போடாமல் ஒரு கடப்பா கல் துண்டின் மேல் வையுங்கள். அலகும் தேயும், வயிற்றுக்குள் மண்ணும் போகாது.

சுண்ணாம்புச்சத்துக்குக் கடையில் டப்பா தேட வேண்டாம், பாம்பன் பக்கம் கரையில் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும். பொறுக்கி வந்து இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, வெயிலில் காய வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மாதம் அதைச் சுரண்டி வரும் பொடியை ஒரு சிட்டிகை தினமும் தீனி மேல் தூவுங்கள். பிறகு வாரத்துக்கு மூன்று நாள். ஒரு துண்டை அடைப்பிலேயே போட்டு வைத்தால் வேண்டும்போது அதுவே கொறித்துக்கொள்ளும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும். ஆட்டுக்கான தாது உப்புக் கலவையும் வேண்டாம், பாஸ்பரஸ் அதிகம்.

வளர்ந்த பிறகு இந்த ஆமை என்ன ஆகும் என்பதையும் மகனோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். வளர்ந்த சல்காட்டா நாற்பது, ஐம்பது கிலோ வரும், ஆண் அதற்கு மேலும் போகும். பத்தடி நீள வளை தோண்டும், தென்னந்தோப்பில் எங்கே தோண்டும் என்று சொல்ல முடியாது. ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும். வளர்க்க முடியவில்லை என்றால் கடற்கரையிலோ கருவேலங்காட்டிலோ கொண்டுபோய் விடக் கூடாது. இது கடலாமை இல்லை, நீந்தத் தெரியாமல் மூழ்கிவிடும். காட்டில் விட்டால் நம் நட்சத்திர ஆமைகளுக்கு நோய் கொண்டுபோய்க் கொடுக்கும். வனத்துறையிடம் கேட்டு வழி செய்யுங்கள்.

ஓடு அமுங்குகிற நிலை என்பதால் தீனியையும் வெயிலையும் மாற்றிவிட்டு அப்படியே காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். ஆமை பார்ப்பீர்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பின்னங்காலை இழுத்து நடந்தாலோ, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தாலோ அன்றே கிளம்புங்கள். ஆடு வளர்ப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் குடற்புழு மருந்து உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும். அதில் ஒரு சொட்டுகூட ஆமைக்குக் கொடுத்துவிடாதீர்கள், உயிரையே எடுத்துவிடும். வைட்டமின் ஏ ஊசியும் தோலை உரிய வைத்துவிடும். மருந்து கொடுக்கப் போகிறவர் யாராக இருந்தாலும், இந்த இரண்டையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.