பெங்களூரில் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தால் காய் கசக்கிறது, இல்லையென்றால் கரைந்துவிடுகிறது. என்ன செய்வது?

எனக்கு ஆம்பூர் பக்கம். பிரியாணிக்கே கத்திரிக்காய் தொட்டுக்கொள்ளும் ஊர் என்பதால் இந்தக் காய் மேல் தனிப் பிரியம். கல்யாணமாகி பெங்களூர் அல்சூருக்கு வந்த புதிதில் எனக்கும் இதே பிரச்சினைதான், காரணம் காய். இங்கே வாங்கிபாத் என்கிற கத்திரிக்காய்ச் சாதத்துக்குப் போடும் நீளப் பச்சைக் காயைத்தான் அன்று வாங்கி வந்திருந்தேன், அது குழம்பில் குழைந்துவிட்டது. கடையில் ‘குண்டு பதனேகாயி’ (கன்னடத்தில் குண்டுக் கத்திரிக்காய்) என்று கேட்டு, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஊதா நிறத்தில், கையில் எடுத்தால் கனமில்லாமல் இருப்பதாகப் பொறுக்குங்கள். கனமாக இருந்தால் உள்ளே விதை முற்றியிருக்கும், கசப்பு அங்கிருந்துதான் வருகிறது. காம்பு பச்சையாக இருக்க வேண்டும், முள் குத்தினால் ரொம்ப நல்லது.

கால் கிலோ காயைக் காம்போடு நாலாகக் கீறி (முழுக்க வெட்டிவிடாதீர்கள், சொத்தை இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள்) உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வதக்குவதற்கு முன் ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும்.

அப்புறம் வதக்குவது. இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். 6 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் காயைப் போட்டதும் சட்டி காய்ந்துபோன மாதிரி தெரியும், ஏனென்றால் கத்திரிக்காய்ச் சதை பஞ்சு மாதிரி, உள்ளே காற்று, இருக்கிற எண்ணெயை எல்லாம் குடித்துவிடும். பயந்து இன்னும் ஊற்றாதீர்கள். மிதமான தீயில் மூடிவைத்து நடுநடுவே திருப்பிவிட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தோல் சுருங்கி, ஊதா மங்கிப் பழுப்பாகி, சதை அடங்கும்போது குடித்த எண்ணெயைத் திரும்பக் கக்கும். சட்டியின் ஓரத்தில் எண்ணெய் மினுங்குவது கண்ணுக்கே தெரியும். அப்போது காயைத் தனியாக எடுத்துவிடுங்கள். முக்கால்வாசியாவது வேகாத காயைப் புளியில் போட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்றே இருக்கும், புளிப்பில் எந்தக் காயும் சீக்கிரம் வேகாது.

மசாலா உங்கள் வீட்டு வழக்கப்படி. நான் தனியா 2 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 1, எள் 1, காய்ந்த மிளகாய் 6, வெந்தயம் கால் தேக்கரண்டி வறுத்து, இரண்டு மேசைக்கரண்டி தேங்காயோடு அரைப்பேன். அதே எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, இருபது சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். விழுதைச் சேர்த்துக் கெட்டியான பிறகுதான் காயைப் போட வேண்டும். அதன் பிறகு கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஆட்டிவிடுங்கள். பத்து நிமிடம் சிறுதீயில் இருந்தால் மேலே எண்ணெய் மிதந்து நிற்கும், சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டு அணைத்துவிடலாம்.

உடனே சாப்பிட்டால் மசாலா ஒரு பக்கம், காய் ஒரு பக்கம் நிற்கும். காலையில் வைத்துவிட்டு ராத்திரி சோற்றுக்கு எடுங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் தோசைக்கு.