லூர நம்மட தண்ணிக்கு மாத்துறது: வாவி, குளம், கடக்கரை கேள்வி பதில்

லூர் (மீன், தவளை மாதிரிச் செஞ்ச பொய் இரை) போட்டு மீன் பிடிக்கிற புள்ளையள் அங்கயும் இங்கயுமா கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் ஒரே இடத்தில பதில் சொல்லச் சொன்னாங்க, அதான் இது. ஒண்ட மட்டும் முதலே சொல்லிப்போடுறன். கடையில வாற லூர் கனக்க ஜப்பான், அவுஸ்திரேலியா மாதிரி வேற நாட்டில உள்ள தண்ணிக்கும் மீனுக்கும் எண்டு யோசிச்சு செஞ்சது, பொட்டியால எடுத்த கையோட மட்டக்களப்பு வாவியில போட்டா சரியா ஓடுமெண்டு நம்பப்படாது. இன்னொண்டு வாங்கப் போறதுக்கு முதல் கையில கிடக்கிறத மாத்திப் பாருங்க.

கல்லடித் தம்பி: அண்ணன், சஸ்பெண்டிங் லூர் ஒண்டு வாங்கினன், நிப்பாட்டினா தண்ணிக்குள்ள அப்பிடியே நிக்கும் எண்டு பொட்டியில போட்டிருக்கு. பாலத்தடியில போட்டா நிப்பாட்டின உடன மேல வருது. போலியா?

போலி இல்ல தம்பி, உப்புத் தண்ணி செய்ற வேலை அது. கடல் தண்ணி நல்ல தண்ணிய விட 100க்கு ரெண்டரைப் பங்கு பாரம் கூட, அதால லூர மேல தூக்கும். நல்ல தண்ணியில நிக்கிற மாதிரி செஞ்ச 15 கிராம் லூர் ஒண்ட முகத்துவாரத்து உப்புக்குள்ள போட்டீங்கெண்டா கிட்டத்தட்ட 0.4 கிராம் பாரம் அதுக்குக் காணாது, அவ்வளவுதான் விசயம். நம்மட வாவியில இதில இன்னொரு கரைச்சல் இருக்கு, மழை இல்லாத மாசங்கள்ல கல்லடிப் பக்கம் நல்ல உப்பு, மறுகா மாரி மழை பெஞ்சு வெள்ளம் இறங்கிச்செண்டா அதே இடம் நல்ல தண்ணி மாதிரி ஆகிடும், அப்ப ஆடி மாசம் நிண்ட லூர் மார்கழியில தாண்டு போகும். அதால லூர் நல்லமா கெட்டதா எண்டு பாக்காதீங்க, அண்டைக்கு உள்ள தண்ணியப் பாருங்க. நான் செய்றது இதுதான்: போற இடத்துத் தண்ணிய ஒரு வாளியில அள்ளி, லூர கொழுக்கி, வளையம் எல்லாத்தோடயும் அதுக்குள்ள போட்டு, ரேடியோ திருத்துற ஆக்கள் வச்சிருக்கிற ஈயக்கம்பிய முன் கொழுக்கித் தண்டில சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா நறுக்கி நறுக்கிக் குறைச்சுக்கிட்டு வாறது. மூக்கு கொஞ்சம் கீழ பாத்தபடி ஆறுதலாத் தாழ வேணும், கொடுவாக்கு அது போதும். கொடுவா பல்லால கடிச்சுப் பிடிக்கிற மீன் இல்ல, வாயப் படாரெண்டு திறந்து தண்ணியோட சேத்து இரைய உள்ளுக்கு உறிஞ்சும், அது நடக்கிறது அனேகமா நீங்க லூர நிப்பாட்டின அந்த ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ளதான். மேல கிளம்பிப் போற லூருக்கு அந்த நேரம் கிடைக்காது. நிப்பாட்டைக்க நூலையும் இறுக்கிப் பிடிக்காதீங்க, கொஞ்சம் தளர விடுங்க, இறுகின நூல்ல கிடக்கிற லூர் சுகமா வாய்க்குள்ள போகாது.

அதே தம்பி: பாலத்து லைற் வெளிச்சத்துக்குள்ள போடுறதா, வெளியிலயா?

வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில. மீன் இருட்டுப் பக்கம் நிண்டு வெளிச்சத்தப் பாத்துக்கிட்டிருக்கும். லூர வெளிச்சத்துக்குள்ள போட்டு இருட்டுக்குள்ள கொண்டு வாங்க.

ஏறாவூர்த் தம்பி: காக்கா, உன்னிச்சைக் குளத்தில தவளை லூர் போடுறன், விரால் அடிக்குது, பத்துக்கு எட்டு ஏறுதில்ல. கொழுக்கி கூர்தான்.

தம்பி, கொழுக்கி கூர் எண்டாலும் அந்த றப்பர் உடம்பு அமுங்கினாத்தான் முள்ளு வெளியில வரும். மலிவாக் கிடைக்கிற தவளையள் கனக்க ஓவர் இறுக்கம், விரால்ட வாய் அத அமத்தாது. விரலால வயித்த அமத்திப் பாருங்க, சும்மா அமத்தினாலே ரெண்டு முள்ளும் தெரிய வேணும். தெரியாட்டி குறடால ரெண்டு முள்ளயும் ஒரு ரெண்டு மில்லிமீற்றர் அளவு மேலயும் வெளியிலயும் நெளிச்சு விடுங்க, கூட நெளிச்சா ஆத்துவாழை எல்லாம் அள்ளிக்கிட்டு வரும். காலா வாற றப்பர் வால் நீளமெண்டா பாதிய வெட்டுங்க, விரால் வாலக் கடிச்சுப்போட்டு விடுறதுதான் உங்கட எட்டில அரைவாசி. மத்தது பின்பக்கம் ஒரு சின்ன ஈயம் வச்சா தவளை குண்டி தாண்டு தலை நிமிந்து மிதக்கும், கொழுக்கியும் தண்ணிக்குக் கீழ கிடக்கும், எறியிறதுக்கும் தூரம் போகும்.

அடிச்ச சத்தம் கேட்ட உடன இழுக்காதீங்க. நூல்ல பாரம் தெரியட்டும், மறுகா இழுங்க. சத்தத்துக்கு இழுக்கிற ஆளுக்கு விரால் கிடையாது.

இன்னொண்டு, இத நீங்க கேக்காமலே சொல்லுவன். தண்ணி மேல சின்னச் சின்னக் குஞ்சு கூட்டமா, செம்மஞ்சள் நிறமா கொப்புளிச்சுக்கிட்டுத் திரிஞ்சா அதுக்குக் கீழ தாய் தகப்பன் காவல் நிக்கும். அந்த நேரம் எதப் போட்டாலும் கோவத்தில அடிக்கும், லேசாப் பிடிபடும். அதப் பிடிச்சா குஞ்சு முழுக்க மத்த மீனுக்கு இரை. தயவுசெய்து அந்த இடத்த விட்டு அங்கால போங்க, குளம் பெரிசு.

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு ஆள்: மூண்டு முள்ளுக் கொழுக்கிய எடுத்துப்போட்டு ஒத்தை முள்ளுப் போடச் சொல்றாங்க, மீன் தவறாதா?

தவறாது. நம்மட வாவிக்கு நான் ஒத்தை முள்ளுத்தான் சொல்லுவன், தண்ணிக்குள்ள அறுந்து போய்க் கிடக்கிற தங்கூசி (நைலோன் நூல்) வலை எவ்வளவு எண்டு உங்களுக்குத் தெரியும், மூண்டு முள்ளு ரெண்டு தொங்கிற லூர் அதில பட்டா லூரும் போச்சு நூலும் போச்சு. மீனக் கழட்டி விடுறதும் லேசு, கையில ஏறினா ஆசுபத்திரிக்குப் போற வேலையும் குறைவு. ஆனா கழட்டின மூண்டு முள்ளுட பாரத்த நிறுத்துப் பாத்து, புது ஒத்தை முள்ளும் கிட்டத்தட்ட அதே பாரம் வாற மாதிரி எடுங்க. பாரம் குறைஞ்சா லூர் தண்ணிக்கு மேல நிக்கும், அல்லாட்டி ஓவரா உருளும், மறுகா லூர் சரியில்ல எண்டுதான் ஆக்கள் சொல்லுவாங்க. கண் (லூர் வளையத்தில மாட்டுற துளை) லூர்ட பக்கம் பாத்து இருக்கிற கொழுக்கியா வாங்குங்க, இல்லாட்டி முள்ளு பக்கவாட்டில திரும்பி நிக்கும். வயித்துக் கொழுக்கிட முனை முன்னுக்குப் பாக்க, வால் கொழுக்கிட முனை மேல பாக்கப் போடுங்க.

வாழைச்சேனையில இருந்து: லூர் இழுக்கைக்க ஒரு பக்கமா ஓடுது அண்ணன்.

லூர மூக்கு உங்களப் பாத்தபடி பிடிங்க. உங்கட வலப்பக்கம் ஓடுதெண்டா நூல் கட்டுற கண்ணிய மெல்லிய குறடால இடப்பக்கம் ஒரு துளி நெளிங்க, இடப்பக்கம் எண்டா வலப்பக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். ஒருக்கா இழுத்துப் பாத்து, காணாட்டி இன்னொரு துளி.

பனிச்சங்கேணிப் பக்கம் போற ஒரு தம்பி: கண்டல் வேருக்குள்ள செம்பல்லி இருக்கு, கொழுவின உடன வேருக்குள்ள போய் அறுக்குது. லூர மாத்தவா, நூல மாத்தவா?

ரெண்டையும், ஆனா முதல் நிக்கிற இடத்த மாத்துங்க. வேருக்கு நேரா முன்னால நிண்டு இழுத்தா மீன் உள்ளுக்குப் போக வழி கிடக்கு, தோணிய வேருக்குப் பக்கமாக் கொண்டுபோய் வேரோரமா இழுத்தா மீன் திரும்பிறதுக்குள்ள ரெண்டு முழம் வெளியில எடுத்திடலாம். செம்பல்லி இரைய எடுக்கைக்கயே கிறுகிக்கிட்டுத்தான் எடுக்கும், அதால முதல் ரெண்டு செக்கனில முடிவாகுது. றீல் இறுக்கமா இருக்க வேணும், நூல் 30 றாத்தல் தாங்கிற பிரேட் (பின்னின நூல்), முன்னுக்கு 40 அல்லது 50 றாத்தல் தாங்கிற தங்கூசி ஒரு பாகம் நீளம். லூர் 7, 8 சென்ரிமீற்றர் போதும், நீட்டுச் சொண்டு (மூக்குக்குக் கீழ இருக்கிற தகடு) வச்சு ஆழமாப் போறது வேணாம். லூர்ட சொண்டு நீளமா உடம்புக்கு நேரா நீட்டிக்கிட்டு இருந்தா ஆழம் போகும், குட்டையா கீழ்ப்பக்கம் சரிஞ்சு நிண்டா மேலால ஓடும். கண்டலடியில ஆழம் அனேகமா இடுப்புக்குக் கீழ, உங்களுக்கு மேலால ஓடுறதுதான் வேணும். ஆழம் போறது மட்டும்தான் கையில இருக்கெண்டா சொண்டக் கொஞ்சம் கொஞ்சமா அரத்தால தேச்சுக் குறைக்கலாம், ரெண்டு பக்கமும் சமனாத் தேய்க்க வேணும்.

தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு எறியிறது வேணாம் தம்பி. வாவியிலயும் குளத்திலயும் முதலை கிடக்கு, அந்தி நேரம் கரையில குந்தி இருக்கிறது கூடக் கவனம்.

மண்டூர்ல இருந்து ஒரு தங்கச்சி: எங்கட வீட்டுக்குப் பின்னால மணலையும் திரளியும் துள்ளுது. எந்த லூர் போட?

ஒண்டும் போட வேணாம் தங்கச்சி. அதுகள் சேத்தில உள்ள பாசியும் தூளும் தின்னுற மீன், லூரத் திரும்பியும் பாக்காது. பாண் துண்டு உருட்டிச் சின்னக் கொழுக்கியில போட்டுப் பாருங்க. ஆனா அதுகள் திடீரெண்டு கூட்டமாச் சிதறித் துள்ளினா கீழ கொடுவாயோ பாரையோ துரத்துது, அப்ப அந்தக் குஞ்சுட அளவிலயே ஒரு வெள்ளி லூர் போடுங்க. அளவுதான் முக்கியம், மூண்டு விரல் நீளக் குஞ்சத் தின்னுற நேரம் சாண் நீள லூர் போட்டா கிட்ட வந்து பாத்துப்போட்டுத் திரும்பிடும்.

அக்கரைப்பற்றில இருந்து: எந்த நிறம் நல்லம்?

கலங்கின தண்ணிக்கு கறுப்பு, பொன், பச்சை கலந்த மஞ்சள். தெளிஞ்ச தண்ணிக்கு வெள்ளி, கண்ணாடி மாதிரி உள்ளது. இரவைக்குக் கறுப்பு, கீழ இருந்து பாக்கிற மீனுக்கு வானத்துக்கு எதிரா நிழல்தான் தெரியும். இதுக்குப் புது லூர் வாங்காதீங்க, பழையதில கியூடெக்ஸ் (நகத்துக்குப் பூசிற பூச்சு) பூசுங்க, நல்லாக் காயவிட்டு ரெண்டு தரம். வெள்ளம் இறங்கிற கிழமை நான் எல்லாத்துட வயித்திலயும் மஞ்சள் பூசிடுவன்.

கல்முனையில இருந்து ஒரு காக்கா: கடக்கரையில நிண்டு எறியிறன், அலையத் தாண்டிப் போகுதில்ல. கட்டாவும் பாரையும் அங்காலதான் துள்ளுது.

காக்கா, பிளாஸ்ரிக் லூர் காத்துக்கு நிக்காது, 30, 40 கிராம் உலோக ஜிக் (மீன் மாதிரி வார்த்த பாரமான லூர்) எடுங்க, 9, 10 அடி றொட், மெல்லிய பிரேட். சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும்தான் நம்மட பக்கக் கடல் இதுக்கு வாய்ப்பு, அதிலயும் விடியக் காலமை கச்சான் காத்து நிலத்தில இருந்து கடலுக்கு அடிக்கைக்க முதுகுப் பக்கம் காத்து, ஜிக் தன்ட பாட்டில போகும். கட்டாக்கு கெதியாச் சுத்துங்க, மேலால பாஞ்சு பாஞ்சு வரட்டும். சீலா வந்து அறுக்குதெண்டா ஒரு சாண் கம்பி போடுங்க, ஆனா சீலா இல்லாத நாளையில கம்பியக் கழட்டுங்க, பாரை கம்பியக் கண்டா யோசிக்கும்.

திருக்கோவில்ல படிக்கிற ஒரு தம்பி: லூர் வாங்கக் காசில்ல அண்ணன். வீட்டில செய்யேலுமா?

ஏலும் தம்பி, நல்லாவே ஏலும். பழைய றப்பர் செருப்பு ஒண்டு எடு. அடியில இருந்து 8 சென்ரிமீற்றர் நீளம், ரெண்டு விரல் அகலத்தில ரெண்டு துண்டு வெட்டு. ஒரு மில்லிமீற்றர் துருப்பிடிக்காத கம்பி ஒண்ட ரெண்டு துண்டுக்கும் நடுவால நீட்டி வச்சு, ரெண்டு துண்டையும் ஒண்டோட ஒண்டு செருப்பு ஒட்டுற பசையால ஒட்டு. கம்பி முன்னாலயும் பின்னாலயும் வெளியில வர வேணும், ரெண்டு நுனியையும் வளையமா முறுக்கு. கம்பி முழுக்கப் போறது கட்டாயம், றப்பர்ல மட்டும் கொழுக்கியக் குத்தினா முதல் பாரை பிச்சுக்கிட்டுப் போகும். மறுகா மண்கடதாசியால தேச்சு வால் பக்கம் ஒடுங்க வை, முன் முகத்தக் கூரான பிளேட்டால குழியா வெட்டு, அந்தக் குழிதான் இழுக்கைக்க தண்ணிய அள்ளிப் 'பொளக்'கெண்டு சத்தம் போடுறது. வாலுக்கிட்ட கம்பியில ஈயம் சுத்தி வாளித் தண்ணியில போட்டுப் பார், வால் தாண்டு முகம் மட்டும் மேல நிண்டா சரி. முழுக்கப் படுத்துக் கிடந்தா ஈயம் காணாது, இழுக்கைக்க வழுக்கிக்கிட்டு வரும், சத்தம் வராது. பின்னால ஒரு ஒத்தை முள்ளு. ஒரு இழுப்பு, ஒரு நிப்பாட்டு, தண்ணியில வாற வட்டம் அடங்கும் மட்டும் பொறு, மறுகா அடுத்த இழுப்பு. கொடுவா, பாரை ரெண்டும் வரும்.

சில்வர் கரண்டியில காம்ப அறுத்து ரெண்டு பக்கமும் துளை போட்டாலும் நல்ல லூர்தான், குளத்துக்கும் வாவிக்கும். பாரம் குறைவு, கடக்கரைக்குச் சரிவராது.

மட்டக்களப்பு டவுன்ல இருந்து: பெரிய கொடுவா பிடிபட்டா விடச் சொல்றீங்க, என்னத்துக்கு? அதுக்குத்தானே போறம்.

தின்னுறதுக்குப் பிடிக்கிறத நான் பிழை சொல்ல மாட்டன், நானும் சமைச்சுத் தின்னுறவன்தான். ஆனா கொடுவா முதல் ஆணா வளந்து, பெரிசாகைக்க பெண்ணா மாறுற மீன். மீற்றர் நீளத்துக்கு வாறது அனேகமா எல்லாம் பெண், மழைக்கு முகத்துவாரம் திறந்த உடன உப்புப் பக்கம் போய் முட்டை போடுறது அதுகள்தான். நடுத்தரமானதக் கொண்டு போங்க, பெரிசப் படமெடுத்துப்போட்டு விடுங்க. விடுறதெண்டா சொண்டில மட்டும் பிடிச்சுத் தூக்கித் தொங்கவிடாதீங்க, கைய நனைச்சு வயித்துக்குக் கீழ மற்றக் கையக் குடுங்க. செவுள் மூடி விளிம்பு வெட்டும், அதுக்குள்ள விரல் போடாதீங்க. தலை நீரோட்டத்தப் பாக்கப் பிடிச்சு, அது தானா உதறிப் போகும் மட்டும் பொறுங்க.

அம்பாறை, இங்கினியாகலைப் பக்கம்: சேனநாயக்க சமுத்திரக் குளத்தில லூர் போடலாமா?

அந்தப் பக்கம் கல்ஓயா தேசிய பூங்கா, வனசீவராசிகள் ஆக்கள்கிட்டக் கேட்டுப்போட்டுத்தான் இறங்க வேணும். யானையும் இருக்கு, தனியப் போகாதீங்க.

பொத்துவில்ல இருந்து: றப்பர் மீன் லூரெல்லாம் பொட்டிக்குள்ள உருகி மத்த லூரோட ஒட்டிப் போச்சு. வெயிலா?

வெயில் கொஞ்சம், ஆனா காரணம் அந்த றப்பர்ல உள்ள எண்ணெய். மத்தப் பிளாஸ்ரிக்கோட, பெயின்ற்றோட பட்டா ரெண்டையும் கரைக்கும். வாங்கின பைக்குள்ளயே வச்சிருங்க, வேற வேறக் கம்பனிட றப்பரையும் கலக்காதீங்க. ஒட்டின லூர்ல பெயின்ற் போயிருந்தாலும் எறியாதீங்க, தேச்சுப்போட்டுக் கறுப்புக் கியூடெக்ஸ் பூசினா இரவைக்குப் போடலாம்.